கோயில் கிடாரத்தில் கோழிப் புரியாணி

1. பன்னிரண்டு 'இல்லை'

என் முதல் கள ஆய்வின் முதல் நாளில், முதல் ஆளிடமே நான் தோற்றேன். தோற்றது எனக்குத் தெரியவர இருபத்தெட்டு வருடம் எடுத்தது. சமூகவியலில் இது சாதாரணம். எங்கள் துறையில் பெறுபேறு எப்போதும் சுணங்கித்தான் வரும்.

அப்போது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவி விரிவுரையாளர். சாய்ந்தமருது முஸ்லிம் பெண். கைப்பை நிறைய வினாக்கொத்து. ஆய்வின் பொருள், கிழக்கிலங்கைக் கரையோரச் சமயங்களுக்கிடையிலான சமூகத் தூரம். தூரம் என்றால் மைல் கணக்கு இல்லை. ஒரு சமயத்தவர் மற்றச் சமயத்தவரை எவ்வளவு கிட்ட விடுகிறார் என்ற கணக்கு. எங்கோ ஒரு நாட்டில் யாரோ யாரையோ அளக்கச் செய்த கோல் அது. எங்கள் பேராசிரியர் அதைத் தமிழாக்கினார், நான் ரோணியோ இயந்திரத்தில் படியெடுத்தேன், இருவரும் சேர்ந்து கல்முனைச் சனத்தை அளக்கப் புறப்பட்டோம்.

முதலில் அகப்பட்டவர் அலியார் காக்கா. காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். கல்முனைச் சந்தைக்குப் பின்னால் வாடகைச் சாமான் கடை வைத்திருந்தார். கலியாணமோ மௌத்தோ, கந்தூரியோ திருவிழாவோ, கதிரை, கூடாரம், ஊருக்கே சோறாக்கும் பெரிய கிடாரம், பீங்கான் எல்லாம் அவரிடம்தான் எடுப்பார்கள். கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"மற்றச் சமயத்து ஆக்கள்ட வணக்கத் தலத்துக்குள்ள போவீங்களா காக்கா?"

"இல்ல."

"அங்க படைச்ச சாப்பாட்டைச் சாப்பிடுவீங்களா?"

"இல்ல தங்கச்சி. அது நமக்கு ஆகாதே."

"உங்கட புள்ளைக்கு அவங்கள்ல ஒரு மாப்பிள எடுப்பீங்களா?"

"என்ன கத கேக்கிறீங்க! இல்ல."

பன்னிரண்டு கேள்விக்கும் 'இல்லை'. கடைசிக் கேள்விக்கு அவர் என்னைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு சோடா உடைத்துத் தந்தார். நான் அவருக்கு எங்கள் ஆய்விலேயே மிகக் குறைந்த புள்ளியைப் போட்டு, பக்கத்தில் 'சகிப்பு மிகத் தாழ்வு' என்று எழுதினேன்.

பன்னிரண்டுக்கும் 'ஓம்' சொன்ன ஒருவரும் இருந்தார். நாம் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வருடம் அவர் தேர்தலில் நின்றார். மற்றச் சனத்தைப் பற்றி அவர் மேடையில் கதைத்ததை இங்கே எழுதினால் இந்தப் பக்கம் நாறும். எங்கள் ஆய்வில் அவர்தான் முதலாம் இடம்.

நான் கடுதாசிகளை அடுக்கும்போது காக்கா எழும்பினார். "முடிஞ்சா தங்கச்சி? நல்லம். எனக்குக் கோயிலுக்குக் கிடாரம் ஏத்தணும்."

வண்டிக்கு வழி விட நான் கதிரையை ஒதுக்கிப் போட்டேன். அவர் சொன்னதை எழுதவில்லை. அதற்கு வினாக்கொத்தில் பெட்டி இல்லை.

2. நல்லிணக்கத் தொழில்

சண்டை ஓய்ந்த பிறகு எங்கள் கரையோரத்தில் நெல், மீன், நல்லிணக்கம் என்று மூன்று தொழில் செழித்தன. மூன்றாவதற்கு மழையும் வேண்டாம், வள்ளமும் வேண்டாம். திட்ட முன்மொழிவு எழுதத் தெரிந்தால் போதும். எனக்கு நன்றாகத் தெரியும்.

செயலமர்வு என்றால் ஒரு மௌலவி, ஒரு குருக்கள், ஒரு பாதர், ஒரு பௌத்த ஹாமதுரு வேண்டும். பொத்துவிலில் வைத்தாலும் அக்கரைப்பற்றில் வைத்தாலும் அதே நான்கு பேர்தான், அதே வேனில் வருவார்கள். ஒருவரையொருவர் இவ்வளவு அடிக்கடி சந்தித்ததில் அந்த நால்வருக்குள் நல்லிணக்கம் உண்மையாகவே வளர்ந்துவிட்டது. மௌலவியின் முழங்கால் வலிக்குக் குருக்கள்தான் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவருவார். வேனுக்கு வெளியே வளர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதுதான் என் தொழில் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

குத்துவிளக்கு ஏற்றலாமா கூடாதா என்ற விவாதத்தில் முதல் ஒரு மணித்தியாலம் போகும். மௌலவி சங்கடப்படுவார், குருக்கள் சங்கடப்படுவார், கடைசியில் எல்லாரும் வெளியே போய் ஒரு மாங்கன்று நடுவோம். படம் எடுப்போம். மண்டபத்து வளவில் ஒரே குழியில் நான்கு முறை நான்கு கன்று நட்டிருக்கிறோம். தண்ணீர் ஊற்றுவதற்குத் திட்டத்தில் இடம் ஒதுக்கியிருக்கவில்லை.

இந்தத் தொழிலில் நான் நன்றாக மேலே வந்தேன். கட்டுரைகள் வெளிவந்தன. வெளிநாடு போனேன். எங்கள் ஊரில் யார் யாரோடு எவ்வளவு தூரம் என்று அங்கே படம் போட்டுக் காட்டினேன். சமூகத் தூரம் பற்றிய என் அட்டவணையின் அடியில் அலியார் காக்கா பெயரில்லாமல், இலக்கமாக மட்டும், அப்படியே கிடந்தார்.

3. ஒரு தலையாட்டல்

ஓய்வுக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கும்போது ஒரு பெரிய நல்லிணக்கக் கருத்தரங்கின் இணைப்பாளர் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது பொய், நான்தான் ஓடிப்போய் வாங்கினேன். கொழும்பு நிறுவனம் ஒன்று பின்னால் நின்றது. இது சரிவந்தால் இரண்டாம் கட்டமும் எங்களுக்கே என்று அவர்களின் திட்ட அதிகாரி சொல்லியிருந்தார். என் உரையின் தலைப்பு 'தூய்மையும் தீட்டும்: ஒரு சமூகக் கட்டுமானம்'.

இருநூறு பேரை அழைத்தோம். மத்தியானம் கோழிப் புரியாணி என்ற செய்தி எப்படியோ வெளியே போய் முன்னூறு பேர் வந்துவிட்டார்கள். காலையிலேயே சமையல்காரர் மீரான் கையை விரித்தார். "கிடாரம் காணா மிஸ். மரக்கறிச் சோத்துக்கு ஒண்டுமே இல்ல."

நானே ஓட்டோ பிடித்து அலியார் காக்காவின் கடைக்குப் போனேன். கூடவே சின்ன லொறி ஒன்றும் வந்தது. காக்கா இல்லை. அவருடைய மனைவி சுபைதா ராத்தா இருந்தார். முற்றத்தின் வலப்பக்கக் கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. அதிலிருந்த கிடாரமெல்லாம் ஏற்கனவே என் மண்டபத்தில்தான். இடப்பக்கம் இன்னொரு கொட்டில், பூட்டியிருந்தது.

அந்தக் கொட்டிலைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கல்முனையில் எல்லாருக்கும் தெரியும். அதற்குள் இருப்பவை மரக்கறிக் கிடாரங்கள். பாண்டிருப்புப் பக்கத்து அம்மன் கோயில் அன்னதானத்துக்கு மட்டும் வெளியே வரும். காதில், அதாவது கைப்பிடியில், வெள்ளைப் பெயின்ட் வளையம் போட்டிருக்கும். அவற்றுக்குத் தனி அகப்பை, தனிக் கயிறு, தேய்க்கும் தும்புகூடத் தனி. கலியாண வீட்டுச் சாமானோடு ஒரே வண்டியில் ஏற்ற மாட்டார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் மாதத்தில் ஊரெல்லாம் குர்பான் இறைச்சி என்பதால், காக்கா அந்தக் கொட்டில் பூட்டின் திறப்பைக் கொண்டுபோய்க் கோயில் வண்ணக்கரிடமே கொடுத்துவிடுவார். வண்ணக்கர் என்றால் எங்கள் பக்கத்தில் கோயில் பொறுப்பாளர். பெருநாள் முடிந்து வீடு கழுவிய பிறகு திறப்பு திரும்பி வரும். காக்காவின் வாப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

"அவர் இல்ல கா," என்றார் ராத்தா. "அக்கரைப்பற்றில ஒரு மௌத்து. அஸருக்குத்தான் வருவார்."

"ரெண்டு கிடாரம் மட்டும் ராத்தா. மரக்கறிச் சோறு ஆக்கத்தான்."

"அது கோயில் கிடாரம். அவர் இல்லாம நான் குடுக்கிறல்ல."

"குருக்களும் கோயில் ஆக்களும் வாறாங்க. அவங்களுக்குச் சோறாக்கத்தான் கேக்கிறன். என்ட பொறுப்பு."

"நீங்க படிச்ச ஆள். உங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல," என்று ராத்தா திறப்பை எடுத்துவந்தார்.

நான் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது மீரான் பக்கக் கதவால் தலையை நீட்டிக் கையைக் காட்டினார். பேச்சை நிறுத்திக் குனிந்தேன்.

"மிஸ், மரக்கறிச் சோறு ஒரு சின்னச் சட்டிலயே முடிஞ்சிட்டு. புரியாணிக்குத்தான் கிடாரம் காணா. நீங்க கொண்டுவந்த ரெண்டும் சும்மா கெடக்கு. போடட்டா?"

ஒரு கணம் யோசித்தேன் என்று எழுதினால் எனக்குக் கௌரவமாக இருக்கும். யோசிக்கவில்லை. முன்னால் முன்னூறு பேர், முன்வரிசையில் கொழும்பு அதிகாரி, அடுத்த வசனம் தொண்டையில் நிற்கிறது. தலையாட்டினேன். பிறகு நிமிர்ந்து, தீட்டு என்பது பாத்திரத்தில் இல்லை, பார்ப்பவரின் மனதில் இருக்கிறது என்ற அந்த வசனத்தைச் சொன்னேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அதிகாரி சமையல் பக்கம் வந்தார். வெள்ளை வளையம் என்ன என்று கேட்டார். கோயில் கிடாரம், முஸ்லிம் ஒருவரின் கடையில் இருப்பது என்று நானே பெருமையாக விளக்கினேன். மனிதர் துள்ளிக் குதிக்காத குறை.

"மெடம்! கோயில் பானை, முஸ்லிம் கடை, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு! இதை விட என்ன வேணும்?"

நான்கு சமயப் பெரியார்களும் அழைத்துவரப்பட்டார்கள். நால்வரும் ஒரே அகப்பையைப் பிடித்துக் கிடாரத்துக்குள் விட்டபடி படம் எடுக்கப்பட்டது. குருக்கள் அகப்பையின் நுனியை இரண்டு விரலால் பிடித்திருந்தார். படம் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஒரு மூலையில் இருந்து இரண்டு வாழைப்பழமும் ஒரு சோடாவும் சாப்பிட்டார்.

4. விரல்

கிடாரங்களைச் சாம்பல் போட்டு ஒரு தரம், தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டு இன்னொரு தரம் தேய்க்க வைத்தேன். முகம் தெரிந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு லொறியோடு நானும் போனேன். காக்கா திரும்பி வந்திருந்தார். மௌத்து வீட்டுக்குப் போட்ட வெள்ளைச் சாரம் இன்னும் மாற்றவில்லை.

ஒன்றும் கேட்காமல் கிடாரத்தின் விளிம்புக்குக் கீழே, உள்பக்க மடிப்பில், விரலை ஓட்டினார். விரலை மூக்கடியில் பிடித்தார்.

"என்ன ஆக்கின?"

"வடிவாக் கழுவியிரிக்கு காக்கா. ரெண்டு தரம்."

"நான் கழுவினதையா கேட்டன்?"

பின்னால் நின்ற சுபைதா ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சொன்னேன். கோழி என்றேன். என் தலையாட்டலையும் சொன்னேன். காக்கா கிடாரத்தின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றார்.

"இன்னும் ஆறு நாள்ல கோயில்ல கொடியேத்தம்," என்றார். "நாளைக்கு நான் போய்ச் சொல்லணும்."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்த மாதம் போன்களில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் முஸ்லிம் ஆட்கள் கடைச் சாப்பாட்டில் மற்றவர்களுக்கு என்னவோ கலந்து கொடுக்கிறார்களாம். என்ன கலந்தார்கள், எந்தக் கடை, கண்டது ஆர், ஒன்றும் கிடையாது. ஆனால் கதை ஓடியது. இந்த நேரத்தில், முஸ்லிம் ஒருவர் கோயில் கிடாரத்தில் இறைச்சி சமைத்துவிட்டார் என்று வெளியே வந்தால் கடை மிஞ்சாது. கடையோடு நின்றால் அதிர்ஷ்டம்.

"சொல்ல வேணாம் காக்கா. அவங்களுக்குத் தெரியப் போறல்ல. கொளுத்திப் போடுவாங்க."

முப்பது வருடம் நல்லிணக்கம் படித்து, படிப்பித்து, அதற்குப் பட்டமும் வாங்கிய ஆளின் ஆலோசனை இது. மற்றச் சமயத்தவரை ஏமாற்றிவிடுவோம், பிரச்சினை வராது.

"நான் வருசம் முழுக்க அந்தக் கொட்டிலுக்குள்ள என்ன செய்யிறனெண்டு அவங்களுக்குத் தெரியுமா?" என்றார் காக்கா. "தெரியா. தெரியிற இடத்தில அமானிதம் எதுக்கு தங்கச்சி? அவங்க என்னை நம்பி வெச்ச சாமான். காலைல நீங்களும் வாங்க."

5. கோயில் வாசல்

காக்கா காலையில் வந்தபோது சேர்ட்டில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. அவர் அப்படி உடுக்கிறவர் இல்லை. ஓட்டோவில் பாண்டிருப்பு வரை உதடு எதையோ ஓதிக்கொண்டு வந்தது.

கோயில் வாசலில் இறங்கினோம். காக்கா உள்ளே போகமாட்டார். வண்ணக்கர் வெளியே வருவார். அங்கே ஒரு வேம்பு நின்றது. அதன் அடியில் நின்றுதான் இருவரும் எப்போதும் கதைப்பார்களாம். முதலாம் கேள்விக்கு 'இல்லை' சொன்ன மனிதரை அந்த வாசலில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வண்ணக்கர் கனகசூரியம் தோளில் துவாயோடு வந்தார். முதல் நாள் எங்கள் கருத்தரங்கில் மூன்றாம் வரிசையில் இருந்தவர். "என்ன காக்கா, வெள்ளனவே? கிடாரம் அடுத்த கிழமைதானே?"

"அண்ணன், கிடாரம் பழுதாப் போச்சு."

"ஓட்டையா?"

"இல்ல. நேத்து அதுக்குள்ள கோழி ஆக்கிட்டாங்க."

வண்ணக்கர் துவாயை எடுத்து மற்றத் தோளில் போட்டார். குரல் மாறிவிட்டது.

"ஆர் ஆக்கின?"

"என்ட பொறுப்பில இருந்த சாமான். நான்தான் அண்ணன்."

இந்த இடத்தில் சும்மா நின்றிருந்தால் நான் தப்பியிருப்பேன். தப்பவும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

"இல்ல வண்ணக்கர். காக்கா ஊர்லயே இல்ல. ராத்தாட்ட மரக்கறிச் சோத்துக்கெண்டு சொல்லி எடுத்தது நான். ஆக்கச் சொன்னதும் நான்தான். நேத்துக் கூட்டத்துக்கு."

"நேத்துக் கூட்டமா? அந்தப் புரியாணியா?"

"ஓம்."

"நான் ரெண்டு தரம் போட்டுத் திண்டனே!"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் மூளை மட்டும் பழைய தடத்தில் ஓடியது. ஆ, இதோ ஒரு வழி.

"அப்ப உங்களுக்கு அதில பெரிய பிரச்சினை இல்லத்தானே?" என்றேன்.

வண்ணக்கர் என்மேல் பாய்ந்தார். "மிஸ், நான் தின்னலாம்! கொடியேறினாத்தான் எனக்கு விரதம். என்ட வயிறு என்ட வயிறு. கிடாரம் என்டயா? அம்மன்ட. எங்கட சனத்தில மீன் ஆக்காத வீடு எத்தன இரிக்கு? அதாலதான் இத எங்கட வீடுகள்ல வைக்கிறல்ல. எங்கட ஆள் ஒருத்தன்ட வீட்டில வைச்சிருந்தா, தங்கச்சிட கலியாணத்துக்கெண்டு எண்டைக்கோ கோழி ஆக்கிப் போட்டிருப்பான். காக்காட வாப்பா ஆக்கமாட்டாரெண்டு பார்த்துத்தான் பெரியாக்கள் அங்க வைச்ச."

மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"சண்டைக்குள்ள இந்த ரோட்டால ஒருத்தரும் அங்கால இங்கால போகேலா. இவர் கிடாரத்தைக் கொண்டுவந்து எல்லையில, நடு ரோட்டில வைச்சிட்டுக் கிறுகிப் போவார். அவர் போன பிறகு நாங்க வந்து எடுப்பம். ஒரு வருசம் தவறல்ல. அப்ப உங்கட கூட்டமெல்லாம் எங்க இருந்த மிஸ்?"

அந்த வருடங்களில் நான் இதே ரோட்டில் சமூகத் தூரம் அளந்துகொண்டிருந்தேன்.

காக்கா மெதுவாகக் கேட்டார். "சனத்துக்கு என்ன சொல்லப் போறீங்க அண்ணன்?"

வண்ணக்கர் துவாயால் முகத்தைத் துடைத்தார். "கிடாரம் பழசு, அடி தேஞ்சு போச்சு, அம்மனுக்குப் புதுசு எடுக்கம் எண்டு சொல்லுவன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இதைத்தானே வண்ணக்கர் நானும் சொன்னன், சொல்லாம விடுவம் எண்டு."

"எனக்குச் சொல்லுறது காக்காட வேலை. சனத்துக்குச் சொல்லுறதும் சொல்லாம விடுறதும் என்ட வேலை. அவர் அவர்ட வேலையச் செஞ்சிட்டார். உங்கட பேச்சைக் கேட்டிருந்தாரெண்டா, பிறகு வேறொருத்தன் வாயால எனக்கு வந்திருக்கும். அப்ப நான் எதைச் சொல்லி மறிக்கிற?"

காக்காவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். எனக்கு வந்ததில் பாதி வெட்கம். வண்ணக்கர் ஓட்டோ வரை வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நேத்து எடுத்த படம் ஒண்டும் வெளிய வரப்படா."

6. அட்டைப் படம்

கொழும்புக்குப் போன் எடுத்தேன்.

"மெடம், அறிக்கைட அட்டைப் படமே அதுதானே!" என்றார் அதிகாரி. "'ஒரே பானை' எண்டு தலைப்பும் போட்டாச்சு. எங்கட இந்த வருசத்துச் சக்சஸ் ஸ்டோரி மெடம் இது."

வளையம் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டேன். மிகத் தெளிவாக இருக்கிறது, கமரா அவ்வளவு நல்லது என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் படத்தை அவருக்கு விட மனம் வரவில்லை. "அந்த ஊராக்கள் இதை எங்க மெடம் பார்க்கப் போறாங்க? எல்லாம் இங்கிலிஷ்தானே," என்றார். தெரியப் போவதில்லை என்ற என் சொந்த வாதத்தை இன்னொருவர் வாயில் கேட்கும்போது அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது!

"அந்தப் படம் வந்தா அறிக்கையில நான் கையெழுத்து வைக்கமாட்டன். ஏன் வைக்கல்லயெண்டும் எழுதுவன்."

"அப்ப இரண்டாம் கட்டம் கஷ்டம் மெடம்."

"கஷ்டமாவே இருக்கட்டும்."

இரண்டாம் கட்டம் வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. நான் எதிர்பார்த்திருந்த பதவி உயர்வும் அதோடு போயிற்று. பல நாள் எரிச்சலாக இருந்தது, இல்லை என்று நடிக்க மாட்டேன். அறிக்கையின் அட்டையில் நாங்கள் மாங்கன்று நடும் படம் வந்தது. அது ஐந்தாம் கன்று. அதுவும் பட்டுப்போயிற்று.

காக்காவும் வண்ணக்கரும் சேர்ந்து போய்ப் புதுக் கிடாரம் இரண்டு எடுத்தார்கள். கோயில் ஆட்கள் உள்ளே கொண்டுபோய் அதில் பால் காய்ச்சினார்கள். வெள்ளை வளையத்தை வண்ணக்கர் தன் கையாலேயே போட்டாராம். பழைய இரண்டின் வளையத்தையும் காக்கா மண்தாளால் தேய்த்தழித்து வலப்பக்கக் கொட்டிலில் சேர்த்தார். கொடியேறியது, அன்னதானம் நடந்தது, ஒன்றும் எரியவில்லை. அன்னதானம் முடிந்தால் வண்ணக்கர் காக்காவுக்குச் சோறு அனுப்பமாட்டார். அவருக்கு ஆகாது என்று தெரியும். படைக்காத வாழைக்குலை ஒன்று அனுப்புவார். அந்த வருடமும் அனுப்பினார். எனக்கும் இரண்டு சீப்பு வரும் என்று ஒரு நப்பாசை இருந்தது. வரவில்லை.

7. திறப்பு

எனக்குப் பின்னால் இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் கரையில் நல்லிணக்கம் என்பது எல்லாரும் ஒரே பானையில் தின்பது என்று நான் நெடுங்காலம் எழுதினேன். தவறு. இங்கே இரண்டு பானை இருக்கிறது. எது எது என்று மறக்காத ஒருவர் இருக்கிறார். அவர் மறந்தால் வந்து சொல்வார் என்று நம்பும் இன்னொருவரும் இருக்கிறார். இவர்கள் உங்கள் வினாக்கொத்துக்கு 'இல்லை' என்றுதான் பதில் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் 'ஓம்' சொல்கிறவரைக் கண்டால் தேர்தல் எப்போது என்று விசாரியுங்கள்.

இதை எழுதி முடிக்கலாம் என்றிருந்தபோது என் ஓய்வு விருந்து வந்தது. கிடாரம் எடுக்க அலியார் காக்காவின் கடைக்குப் போனேன். காக்காவுக்கு முழங்கால் ஏலாது. கதிரையில் இருந்தபடியே வலப்பக்கக் கொட்டிலைக் காட்டினார். நான் எடுத்த கிடாரம் ஒன்றின் காதில், தேய்த்தழித்த வெள்ளை வளையத்தின் தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. இடப்பக்கக் கொட்டிலில் புதிதாக ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது.

"திறப்பு எங்க ராத்தா?" என்று சும்மா கேட்டேன்.

"வண்ணக்கரிட்ட கா," என்றார் சுபைதா ராத்தா.

"இது ஹஜ்ஜு மாசம் இல்லயே?"

ராத்தா காக்காவைப் பார்த்தார். காக்கா தெருவைப் பார்த்தார்.

"ஹஜ்ஜு மாசமும் குடுப்பம்," என்றார் ராத்தா. "உங்கட கம்பஸ் ஆக்கள் விருந்து வெச்சாலும் குடுப்பம்."

நான் வலப்பக்கக் கிடாரங்களை ஏற்றிக்கொண்டு வந்தேன்.